மிரர்லெஸ் வாங்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

பழைய டிஎஸ்எல்ஆரை (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) கொடுத்துவிட்டு சின்னதாக ஒரு மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா) வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருடம் மும்பையில் நான் இதைத் தனியாகவே செய்தேன். எந்த கேமராவில் ஃபோகஸ் வேகம், எதில் வீடியோ நன்றாக வரும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மாறுவதால் மொத்தம் எவ்வளவு செலவாகும், கடையில் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் யாரும் இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்க நிம்மதி போனது, கையில் இருந்த பணமும் போனது. இன்னொருவருக்கு அப்படி ஆகக்கூடாது.

என்னிடம் இருந்தது நிகான் டி7200. 2015-இல் வந்த மாடல், நான் அதற்கு அடுத்த வருடம் வாங்கினேன். செம்பூரில் வீடு, வேலை ஃபோர்ட் பக்கம், தினமும் ஹார்பர் லைன். படம் எடுப்பது பிழைப்பு இல்லை, ஆனால் அதுதான் எனக்குப் பிடித்த காரியம். பொங்கலன்று தாராவி 90 அடி சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைப்பார்களே, அதை எடுப்பேன், சேடா நகர் முருகன் கோயிலில் காவடி எடுப்பேன், விடியற்காலையில் சசூன் டாக்கில் மீன் இறங்குவதை எடுப்பேன். கேமராமேல் ஒரு குறையும் இல்லை. குறை தோளில் இருந்தது. லோக்கல் ரயில் கூட்டத்தில் அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தால் மறுநாள் கழுத்து திரும்பாது. மெல்ல மெல்ல கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். மாறவேண்டும் என்று தோன்றியது அதனால்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்களுக்கும் இப்படி ஒரே வரியில் சொல்லக்கூடிய காரணம் ஒன்று இருக்கவேண்டும். புதுசு வந்திருக்கிறது, பழசு பழசாகிவிட்டது என்பது மட்டும் காரணமென்றால் ஒரு வருடம் பொறுங்கள், விலையாவது கொஞ்சம் இறங்கும்.

என் காரணம் எடை என்பதால் முதலில் எடையைக் கூட்டிப் பார்த்தேன். டி7200 பேட்டரி, கார்டோடு 765 கிராம். அதில் நான் மாட்டியிருந்த 18-140 லென்ஸ் 490 கிராம். ஒன்றேகால் கிலோ. மிரர்லெஸ்ஸான சோனி ஏ6700 பேட்டரி, கார்டோடு 493 கிராம்தான், அதற்கு சிக்மாவின் 18-50 எஃப் 2.8 லென்ஸ் போட்டால் இன்னொரு 290 கிராம். சேர்த்து 800 கிராமைத் தொடாது. ஏறக்குறைய அரைக் கிலோ குறைகிறது. (தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுவதில் அந்த சிக்மா 50 மிமீ-இலேயே நின்றுவிடும், என் பழைய லென்ஸ் 140 வரை போகும். அதையும் விட்டுக்கொடுத்துத்தான் இந்த அரைக் கிலோ.) இந்த இடத்தில் நிறையப் பேர் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். மாறுவதே மாறுகிறோம், ஃபுல் ஃபிரேமுக்கே, அதாவது படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ள கேமராவுக்கே, போய்விடலாம் என்று சோனி ஏ7சி 2 போன்ற ஒன்றைப் பார்ப்பார்கள். அதன் உடல் 514 கிராம்தான், கையில் வாங்கிப் பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் அதற்கென்று சோனியின் 24-70 ஜிஎம் இரண்டாம் பதிப்பு லென்ஸை மாட்டினால் அது மட்டும் 695 கிராம், மறுபடி 1,200 கிராமுக்கு வந்து நிற்கிறோம். சின்ன கேமரா என்றால் சின்ன லென்ஸும் சேர்ந்துதான். எந்த லென்ஸோடு தினமும் வெளியே போகப் போகிறீர்களோ அதை மாட்டி எடை பாருங்கள், அதோடு விலையும் பாருங்கள்.

அடுத்தது பழைய லென்ஸ். நிகான்காரர்கள் நிகானின் மிரர்லெஸ்ஸுக்கே மாறினால், பழைய லென்ஸைப் புது உடலில் பொருத்தும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டுப் பழைய லென்ஸ்களையே ஓட்டலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. அந்த அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் தமக்குள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்கள் ஓடும். என்னிடம் இருந்த பழைய 50 மிமீ எஃப் 1.8டி போன்றவை உடலில் இருக்கும் மோட்டாரை நம்பி இயங்குபவை, அவற்றை அடாப்டரில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். ஓடுகிற குழந்தையை அப்படி எடுக்க முடியாது. நான் எடுத்த படங்களில் பாதி அந்த 50-இல் எடுத்தவை, அதனால் இது தெரிந்தபோது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. அப்புறம் நிகானின் மிரர்லெஸ் இசட்50-இன் இரண்டாம் பதிப்பு, 2024-இல் வந்தது, நல்ல கேமரா, 550 கிராம், ஆனால் உடலுக்குள் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமன் செய்யும் அமைப்பு) இல்லை. கோயில் கருவறை வெளிச்சத்தில் கையில் பிடித்து எடுப்பவனுக்கு அது தேவை. உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, வாங்குவதற்கு முன்னால் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதுதான்.

அந்தேரி பக்கம் சினிமா, விளம்பர வேலை நடப்பதால் கேமரா வாடகைக் கடைகள் நிறைய உண்டு. ஆதார் நகலும் ஒரு டெபாசிட்டும் கேட்பார்கள். சனி ஞாயிறுக்கு ஏ6700-ஐ எடுத்தேன், 3,500 ரூபாய். இந்த முழுக் கதையிலும் உருப்படியாகச் செலவழித்த பணம் அதுதான். கண்ணைப் பிடித்துக்கொண்டு நகரும் ஃபோகஸ் எனக்கு எவ்வளவு பயன்படும் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. தாராவி சந்துகளில் சின்ன கேமராவைப் பார்த்தால் மக்கள் விறைப்பாக நிற்பதில்லை, பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அதுவும் தெரிந்தது. கஷ்டங்களும் தெரிந்தன. டி7200-இல் ஒரு பேட்டரிக்கு 1,110 படம் என்பது சிபா (ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் சங்கம்) கணக்கு, ஏ6700-க்கு அதே கணக்கில் 570. இரண்டு பேட்டரி இல்லாமல் திருவிழாவுக்குப் போகவே கூடாது. கார்டு போட ஒரே ஒரு இடம்தான், என் பழையதில் இரண்டு இருந்தன, கல்யாணம் எடுப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். கோயிலில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தபோது எல்இடி விளக்கு வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தடவை மினுக்கும், ஆகவே மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/50 அல்லது 1/100-இல் எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். லென்ஸ் கழற்றினால் சென்சார் நேரே தெரிகிறது, டிஎஸ்எல்ஆரில் இருக்கிற மாதிரி முன்னால் கண்ணாடி நிற்பதில்லை, பிளாட்ஃபாரத் தூசியில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள்.

சரி, மாறுவது என்று முடிவாகிவிட்டது. பழையதை விற்கப் போனேன். உடலுக்குக் கடைக்காரர் 16,000 சொன்னார், அலைந்து கடைசியில் நேரடியாக ஒரு கல்லூரிப் பையனுக்கு 22,000-க்குக் கொடுத்தேன். கடைகள் எப்போதும் தம் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்லும், அதில் தவறில்லை, ஆனால் புது கேமரா வாங்கும் கடையிலேயே அவசரமாக எக்ஸ்சேஞ்ச் செய்யாதீர்கள். ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று படத்தோடு சேர்ந்து பதிவாகும் எக்சிஃப் தகவலிலிருந்து எடுத்துக் காட்டினால் வாங்குபவர் நம்பி விலை தருவார். டி7200-இன் ஷட்டர் 1,50,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது, என்னுடையது அதில் பாதிகூட ஓடவில்லை. ஒரு யோசனை: புதுக் கேமரா கைக்கு வந்து ஓரிரு மாதம் ஓடிய பிறகே பழையதை விற்கவும். நான் முன்னாலேயே விற்றிருந்ததால் பின்னால் மிகவும் தவித்துப்போனேன்.

நான் கடைசியில் எந்த கேமரா வாங்கினேன் என்று சொல்லப்போவதில்லை. பழுது எந்த கம்பெனிப் பொருளிலும் வரும், என் சிக்கல் கேமராவில் இல்லை. அங்கீகாரம் பெற்ற கடைகளில் விசாரித்த விலையைவிட ஒரு கடையில் 15,000 ரூபாய் குறைத்துச் சொன்னார்கள். ஒன்றரை லட்சத்தை நெருங்கும் பொருளில் 15,000 என்பது சந்தேகப்படுகிற அளவுக்குப் பெரிய தள்ளுபடியாகத் தெரியாது. ரொக்கமா என்று கேட்டார்கள், ரொக்கம் என்றால் இன்னும் குறைக்கலாம் என்றார்கள், நான் வங்கியிலிருந்து நேரடியாக அனுப்பினேன். "இந்தியா வாரண்டி இருக்கிறதா?" என்று கேட்டேன். "இருக்கிறது, இப்போதெல்லாம் கார்டு வருவதில்லை, எல்லாம் ஆன்லைன்" என்று இந்தியில் பதில் வந்தது. பில் கேட்டேன். முதலில் கச்சா பில் (கணக்கில் வராத பில்) என்று ஒரு துண்டுத்தாள், விடாமல் கேட்டபிறகு அச்சடித்த பில். அதில் கேமரா என்று மட்டும் இருந்தது, சீரியல் நம்பர் இல்லை. பின்பக்கம் ஒரு முத்திரை: ஒரு வருடம், விற்பனையாளர் வாரண்டி. நேருக்கு நேர் கேட்ட கேள்விக்கு நேருக்கு நேர் பொய் சொன்னார்கள், எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது அதற்குத்தான்.

வாங்கியது ஜூனில். முதல் சில வாரங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், அலுவலகப் பையிலேயே கேமரா இருந்தது, தினமும் ஏதாவது எடுத்தேன். ஆடிக் கிருத்திகை நெருங்கும் நேரத்தில், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் படம் தானாக நடுங்க ஆரம்பித்தது. ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகும். அப்புறம் அதுவும் போய், ஆன் செய்த உடனே எச்சரிக்கை வந்து அப்படியே நின்றது. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். அந்தப் பெண் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது இந்தியாவில் விற்கப்பட்ட பொருள் இல்லை, வாரண்டி பொருந்தாது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. காசு கொடுத்துச் சரிசெய்வதென்றால் ஸ்டெபிலைசேஷன் பகுதியையே மாற்றவேண்டும், உதிரிபாகம் வரவழைக்கவேண்டும், 34,500 ரூபாய் ஆகும் என்றார். வீட்டில் சொல்லவில்லை. ரயிலில் திரும்பும்போது அழுகை வரும் போல இருந்தது.

வேறு வழி உண்டா என்று பார்க்க ஃபோர்ட்டில் ஒரு ரிப்பேர்காரரிடம் போனேன், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், படிக்கட்டுக்கு அடியில் மேசை போட்டுப் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறார். "அண்ணாச்சி, இதை நீங்க திறந்து பார்க்க முடியுமா?" என்றேன். கேமராவைத் தொடவே இல்லை. "பெட்டி எங்க தம்பி?" என்றார். மறுநாள் பெட்டியைக் கொண்டு போனேன். நாலு பக்கமும் திருப்பிக் காட்டினார். "எம்ஆர்பி எங்க இருக்கு? யாரு இறக்குமதி பண்ணினாம்னு ஒரு வரி இருக்கா? பிஸ்கட் பாக்கெட்டுல கூட விலை போட்டிருப்பாம்லா." அப்புறம் சார்ஜரின் பிளக்கைப் பார்த்தார், தட்டையான இரண்டு தகடு, நம் ஊர் உருண்டை முனை இல்லை, கடையில் கூடவே ஒரு மாற்று பிளக் இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். "சென்சாரை மிதக்க விட்டிருக்கான் உள்ள. நான் திறந்தா உங்க காசுதான் போகும். கம்பெனியிலயே கொடுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பைசா வாங்கவில்லை.

அவர் காட்டியதைத்தான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். இந்தியாவுக்கு முறையாக வந்த எந்தப் பொட்டலப் பொருளிலும் இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயர், முகவரி, எல்லா வரியும் சேர்ந்த எம்ஆர்பி, மாதம், வருடம், எந்த நாட்டில் தயாரானது, புகாருக்கான தொடர்பு எண் எல்லாம் இருக்கவேண்டும் என்பது 2011-ஆம் வருடத்துப் பொட்டலப் பொருள் விதிகள். கேமராப் பெட்டியில் பெரும்பாலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். அது இல்லையென்றால் கிரே மார்க்கெட் சரக்கு, அதாவது கம்பெனியின் அங்கீகாரம் இல்லாத வழியில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் 18 சதவீத ஜிஎஸ்டி போன்ற வரி கட்டாமல் வருவதால்தான் அந்த விலைக்குத் தரமுடிகிறது. ஸ்டிக்கர் இருந்தாலும் அதோடு விடாதீர்கள். பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் கேமராவின் அடியில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்து, கடையில் நின்றபடியே கம்பெனியின் இந்திய எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள், பதில் வந்தபிறகு பணம் கட்டுங்கள். ஜப்பானில் விற்பதற்கென்று வரும் சோனி கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், மாற்றமுடியாது, அப்படிப்பட்டவையும் சந்தைக்கு வருகின்றன, ஆகவே ஆன் செய்து மொழிப் பட்டியலைப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட கடைகளின் பட்டியல் கம்பெனிகளின் இணையதளத்திலேயே இருக்கிறது. பில்லில் மாடல், சீரியல் நம்பர், கடையின் ஜிஎஸ்டி எண் மூன்றும் வேண்டும். இதில் எதற்காவது கடைக்காரர் முகம் சுளித்தால் வெளியே வந்துவிடுங்கள். மும்பையில் மட்டும் இல்லை, டெல்லி சாந்தினி சவுக் கூச்சா சவுத்ரி மார்க்கெட்டோ, பெங்களூர் எஸ்பி ரோடோ, எங்கே வாங்கினாலும் இதுதான்.

கடைக்குப் போனேன். முதலில் அன்பாகப் பேசினார்கள், பிறகு மழையில் நனைத்துவிட்டாய் என்றார்கள், பிறகு முதலாளி ஊரில் இல்லை. அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு போட்டுப் போட்டு அலைந்தேன். இதற்கு நடுவில் ஆவணியில் சித்தப்பா மகள் கல்யாணம், நான்தான் படம் எடுப்பேன் என்று முன்னமே சொல்லியிருந்தேன். பழைய கேமரா இல்லை, புதியது ஓடவில்லை, 4,000 ரூபாய்க்கு வாடகைக் கேமரா எடுத்துப்போய் எடுத்தேன். அதே வாரத்தில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன். அவர்கள் வழக்கு நடத்தமாட்டார்கள், புகாரைப் பதிந்து எதிர்த்தரப்பிடம் பேசிப் பார்ப்பார்கள். அது சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை, வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். சரியான பில் தராமல் இருப்பதையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறையில் சேர்த்திருக்கிறது. இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, வங்கிப் பணப் பரிமாற்றத்தின் நகல், அந்த முத்திரை போட்ட பில்லின் நகல், சர்வீஸ் சென்டர் எழுதித் தந்த தாள், பெட்டியின் நாலு பக்கப் படங்கள் எல்லாவற்றையும் வைத்துப் பதிவுத் தபாலில் கடைக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் முதலாளி ஊருக்கு வந்தார். 15,000 தருகிறேன், இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். ஆணையத்துக்குப் போயிருந்தால் முழுதும் கிடைத்திருக்கலாம், ஆனால் அதற்கு ஆகும் காலத்தை நினைத்து வாங்கிக்கொண்டேன். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இதுவும் வந்திருக்காது.

கணக்குப் பார்த்தால், ரிப்பேர் 34,500, வாடகை 4,000, அதில் திரும்பி வந்தது 15,000. கையை விட்டுப் போனது 23,500. விலையில் குறைந்த 15,000-ஐக் கழித்தால்கூட, நல்ல கடையில் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட 8,500 ரூபாய் கூடுதல், அதற்கு மேல் வாரண்டியும் கிடையாது. உதிரிபாகம் வந்து கேமரா கைக்குத் திரும்பியபோது நவராத்திரி முடியப் போகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் மாறலாமா என்று கேட்டால், எடையும் கூட்டமும் உங்கள் பிரச்சினை என்றால் மாறலாம் என்றுதான் சொல்வேன். நான் இப்போது எடுக்கும் படங்களின் எண்ணிக்கையே வேறு, காரணம் கேமரா என்னோடு வெளியே வருகிறது. படத்தின் தரம் ஏறும் என்று நினைத்து மாறாதீர்கள், டி7200-இன் 24 மெகாபிக்சலில் எடுத்ததும் இதில் எடுத்ததும் நல்ல வெளிச்சத்தில் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. கையில் இருப்பது நன்றாக ஓடுகிறது, பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் 35 மிமீ எஃப் 1.8 மாதிரி 200 கிராம் லென்ஸ் ஒன்றைப் பழைய உடலிலேயே மாட்டிக்கொண்டு சில மாதம் சுற்றிப் பாருங்கள், எடைக்குறைவு அதிலேயே போதும் என்று தோன்றலாம். வாங்குபவர்கள் உடல், லென்ஸ், இரண்டாவது பேட்டரி, வேகமான கார்டு, மும்பை ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்காமல் வைக்க ஒரு டிரை கேபினெட், இதெல்லாம் சேர்த்துத் தொகை போட்டுக்கொண்டு கிளம்புங்கள். டிரை கேபினெட்டில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும்.

ஏற்கனவே என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்கள் தயங்காமல் 1915-க்குப் பேசுங்கள், இந்தி வராது என்று பயப்படவேண்டாம், அங்கே தமிழிலும் பேசலாம். பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், ஸ்டிக்கர் இல்லாத அந்தப் பெட்டிதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.